மணலெழுத்தும் ஒலியும்

விசயதசமியன்று கொழும்பிலே, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், குழந்தையின் விரலைப் பற்றிப் பச்சையரிசியில் அகரம் வரைவிப்போர் அவ்வெழுத்தை அதன் வாயாலும் சொல்விக்கின்றனர். ஏடு தொடக்கல் வெறுஞ் சடங்கன்று. திண்ணைப் பள்ளியின் முதற்பாடமே அது. ஆங்குச் சிறார் மணலில் எழுதியவாறே ஒலியை உரக்கக் கூறினர்.

1789இல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையாளரான அண்டுரூ பெல் பாதிரியார் இம்மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியிற் புகுத்தினார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். ஆங்கில நாட்டுப் பள்ளிகளிலும் மணற்றட்டு பரவியது. எனினும் மணல் கடல் கடந்த அளவிற்கு அதன் பயன் கடந்திருத்தல் அரிது. தமிழிற் ‘க’ என்பது எழுத்தின் பெயருமாம், ஒலியுமாம். ஆங்கிலத்து ‘எச்’ என்னும் பெயரிலோ அவ்வெழுத்தின் ஒலியே இல்லை. கை வரைவது ஒன்று, செவி கேட்பது வேறொன்று. அவ்விடர்ப்பாடு நமக்கில்லாதிருக்க, 3 வயதுப் பிள்ளையை வாய்திறவாது கொப்பியில் எழுதவிடுதல் ஏனோ?