வண்டியின் குரலும் முரசின் தோலும்

பழந்தமிழ் வேந்தர்க்கு முரசு உயிரனையது. முரசை நீராட்டுவதற்காக எடுத்துச் சென்றிருந்த வேளையில், அதன் கட்டில் என்று அறியாது ஏறித் துயின்றார் மோசிகீரனார் என்னும் புலவர். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரை ஒறுக்காது, கவரி வீசி நின்றான். புறநானூறு கூறும் இச்செய்தியைப் புலவர்க்கு வேந்தன் செய்த சிறப்பாகவே நாம் மாணவர்க்கு உரைக்கின்றோம். அதனுள் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. அரசின் குரலாக விளங்கிய முரசுக்கும் அவ்வப்போது பேணுதல் வேண்டியிருந்தது என்பதே அது. தோற்கருவிகளில் தோல் தளர்ந்தால் ஓசை மங்கும். அப்போது புதுத்தோல் போர்த்துவரேயன்றி, கருவியையே எறிந்துவிடுவாரில்லை.

நம் காலத்து வண்டியின் குரலுக்கும் இவ்வுண்மை பொருந்தும். பழைய காரில் வானொலி கரகரக்கத் தொடங்கினால், 'பெட்டி கெட்டுவிட்டது' என்று பெட்டியைக் கழற்றி எறிவோர் பலர். பெரும்பாலும் கெட்டது பெட்டியன்று. கதவிலோ பின்னிருக்கையின் பின்னுள்ள தட்டிலோ பதிந்திருக்கும் தாட்கூம்பே ஆகும். இத்தவறு ஏன் நேர்கிறது? விடையின் ஒரு பகுதி நாம் வழங்கும் சொல்லில் இருக்கிறது. மற்றொரு பகுதி அக்கருவியின் வரலாற்றில் இருக்கிறது.

பெயர் செய்த மயக்கம்

மைக் முன் பேசுவோன் குரலைக் கூட்டுக் காட்டும் கருவித்தொகுதி முழுவதையும் 'ஒலிபெருக்கி' என்று வழங்குகிறோம். அத்தொகுதியில் குரலை மின்னாக்குவது ஒன்று. அம்மின்னைப் பெருக்குவது ஒன்று. பெருகிய மின்னை மீண்டும் ஒலியாக்குவது பிறிதொன்று. இம்மூன்றனுள் இறுதியில் நிற்பதே மக்கள் 'ஸ்பீக்கர்' என்று சொல்வது. அது எதனையும் பெருக்குவதில்லை. தனக்கு வரும் மின்னோட்டத்துக்கேற்ப அசைந்து காற்றை உந்துகிறது. அவ்வளவே அதன் தொழில். பெருக்கும் வேலை பெட்டிக்குள் நடக்கிறது. எனினும் இரண்டுக்கும் ஒரே பெயர் நிலைத்துவிட்டதால், குறை எங்குள்ளது என்று பிரித்து நோக்கும் பழக்கம் நம்மிடை வளரவில்லை.

கருவியின் பிறப்பு

காந்தத்தின் இடையில் கம்பிச்சுருளை வைத்து, மின்னோட்டத்தால் அசையச் செய்யும் முறைக்கு 1874இல் எர்ன்ஸ்ட் சீமென்ஸ் காப்புரிமை பெற்றார். அதனை மிகுந்த ஒலி தரும் கருவியாக்கும் வழி அன்று இல்லை. 1898இல் ஆலிவர் லாட்ஜ் இம்முறையை மேலும் திருத்தினார். 1915இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்னும் இருவர் இதனோடு ஊதுகுழலை இணைத்துப் பெருங்கூட்டத்திற்குக் கேட்கும் கருவியைச் செய்தனர். 1919இல் சான்டியாகோ நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் இக்கருவி கொண்டு பல்லாயிரம் மக்களுக்குப் பேசினார்.

ஊதுகுழலின்றி, தாளாலான கூம்பே நேராகக் காற்றை அசைக்கும் வடிவத்தை 1925இல் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெலாக் என்போர் வெளியிட்டனர். இன்று கார்க்கதவில் இருப்பது அவ்வடிவத்தின் வழித்தோன்றலே. ஒரு நூற்றாண்டு கடந்தும் அதன் அடிப்படை மாறவில்லை. காந்தம், கம்பிச்சுருள், கூம்பு, கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் விளிம்பு வளையம் ஆகிய நான்கையும் தெரிந்துகொண்டால் கருவியைத் தெரிந்துகொண்டதாகும்.

வண்டியில் ஏறிய வானொலி

1930இல் பால் கால்வின் என்பவர் தம் ஸ்டூடிபேக்கர் காரில் வானொலியைப் பொருத்திக்கொண்டு, அட்லாண்டிக் நகரில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிச் சென்றார். 'மோட்டரோலா' என்னும் பெயர் அதன் வழியே புகழ்பெற்றது. 1932இல் ஜெர்மனியின் பிளௌபுங்க்ட் நிறுவனம் கார் வானொலியை வெளியிட்டது. அக்காலக் குழல் வானொலிக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். காரின் பேட்டரியோ ஆறு வோல்ட்டே தரும். அதனை உயர்த்தப் பெருங்கருவி வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியின் காந்தத்துக்கும் தனியே மின்னூட்ட வேண்டியிருந்த நிலையை, ஜப்பானின் மிஷிமா 1931இல் கண்ட புதிய எஃகு முதலிய வலிய நிலைக்காந்தங்கள் பின்னர் மாற்றின. 1955இல் குழலே இல்லாத டிரான்சிஸ்டர் வானொலி கிரைஸ்லர் கார்களில் ஏறியது. இவ்வாறு பெட்டி பல பிறவி எடுத்தது. கூம்போ ஏறத்தாழ அதே வடிவில் நின்றது.

தோட்டத்துக்கு வந்த குரல்

மலாயாவில் 1937இல் சிங்கப்பூரில் ஒலிபரப்புக் கழகம் முறையாகப் பணி தொடங்கியது. போருக்குப் பின் 1946இல் ரேடியோ மலாயா பிறந்து, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒலித்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் குரலுக்குப் புதிய பணி வந்தது. தகவல் இலாகாவின் வண்டிகள் திரைப்படக் கருவியும் ஒலிபெருக்கியும் தாங்கி, புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்றன. 1950களில் வானூர்திகளிலிருந்தும் காட்டை நோக்கிக் குரல் எழுப்பப்பட்டது. லயங்களின் முன் வந்து நின்ற அவ்வண்டி தமிழிலும் பேசியது. ஆனால் அது பேசியதே தவிர, கேட்கவில்லை. முரசு அறைவோன் சொல்லை ஊர் கேட்கும்; ஊரின் சொல்லை முரசு கேட்பதில்லை. இது அக்குரலின் குறையை உணர வேண்டிய இடமாகும்.

வண்டியின் கூரைமேல் இருந்த குழல்களை இங்கே நினைக்க வேண்டும். குழலின் பின்புறத்தில் திருகி வைத்த 'யூனிட்' என்னும் பகுதியிலேதான் அசையும் மென்றகடு இருக்கும். அது கிழிந்தால் யூனிட்டைத் திருகி எடுத்து மாற்றுவர், குழலை எறியார். திருவிழாவிலும் கலியாணத்திலும் மைக்செட் கட்டுவோர்க்கு இது அன்றாடப் பழக்கம். அவர்கள் கைக்கு எளிதாகத் தெரிந்த இவ்வுண்மை, காருக்குள் ஒளிந்திருக்கும் கூம்பைப் பொறுத்தவரை மற்றவர்க்குத் தெரியாமற் போயிற்று.

எது தேய்கிறது?

காந்தம் பல பத்தாண்டு நிற்கும். கம்பிச்சுருள் அளவுக்கு மீறிய மின்னால் கருகினாலன்றி நிற்கும். தேய்வது தாளும் விளிம்பும் ஆகும். தாள் ஈரத்தை உறிஞ்சித் தளரும், வெயிலில் சுருங்கும். 1970களிலிருந்து பரவிய பஞ்சுபோன்ற பாலியூரிதேன் விளிம்பு, ஈரத்தாலும் ஒளியாலும் இற்று, சில பத்தாண்டுக்குள் விரல் பட்டாலே பொடியாகும். ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் நிறைந்த ஜொகூரில் அதன் ஆயுளை நீட்டித்துச் சொல்ல இயலாது. இதனை உணர்ந்த உற்பத்தியாளர் ரப்பர் விளிம்பைக் கைக்கொண்டனர். ஆயினும் அதில் மிகுதியும் பயன்படுவது மரத்தில் வடியும் பாலன்று. 1937இல் அமெரிக்காவில் பெட்ரோலிய வாயுவிலிருந்து ஆக்கப்பட்ட பியூட்டைல் ரப்பரும் அதன் இனமுமே. பால்மரம் சீவிய கைகளின் உழைப்பு டயருக்குச் சென்றது. காரின் குரலுக்கோ வேறொரு ரப்பர் வந்தது.

தாளுக்கு மாற்றாகப் பாலிபுரோப்பிலீன் கூம்பை 1970களில் பி.பி.சி. ஆராய்ச்சியாளர் டட்லி ஹார்வுட் கொண்டுவந்தார். அப்பொருளே இன்று மாசாயை அடுத்த பாசிர் கூடாங்கின் ஆலைகளில் ஆக்கப்படுகிறது.

மாற்றும் முறையின் அறிவு

குறை எங்கே என்று அறியும் வழி எளிது. இடப்பக்கக் கம்பியையும் வலப்பக்கக் கம்பியையும் பெட்டியின் பின்புறத்தில் மாற்றி இணைக்க வேண்டும். கரகரப்பு அதே கதவில் நின்றால் கெட்டது ஒலிபெருக்கியோ அதற்குச் செல்லும் கம்பியோ ஆகும். மறுபக்கம் மாறிச் சென்றால் கெட்டது பெட்டி ஆகும். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால், நல்ல கூம்பு மெல்ல அசைந்து சிறு ஒலி எழுப்பும். கூம்பு வெளியே தள்ளப்பட்டால் பேட்டரியின் நேர்முனை தொட்ட முனையே கருவியின் நேர்முனை. இரு பக்கத்திலும் முனைகளை ஒரே முறையில் இணைத்தல் இன்றியமையாதது. முறை மாறினால் ஒன்று உந்த மற்றொன்று இழுத்து, தாழ்ந்த ஒலிகள் காணாமற் போகும்.

புதியதை வாங்குங்கால் விட்டம் ஒன்றையே பார்ப்பது போதாது. ஆழத்தையும் பார்க்க வேண்டும். இல்லையேல் இறக்கிய கண்ணாடி காந்தத்தில் இடிக்கும். காருக்கான பெரும்பாலானவற்றின் மின்தடை நான்கு ஓம். பெட்டி கேட்பதற்குக் குறைந்ததைப் பூட்டினால் பெட்டி சூடேறும். கதவின் உட்பலகைக்குப் பின்னிருக்கும் நெகிழித் தாளை எறிந்துவிடலாகாது. மழைநீரை அதுவே தடுக்கிறது. காந்தமும் சுருளும் நன்றாயிருப்பின், புதிய விளிம்பை மட்டும் ஒட்டுவதும் ஆகும். தோல் போர்த்தும் பழந்தொழிலின் இக்கால வடிவம் இதுவன்றோ?

மாசாயில் இன்று

தோட்டங்கள் சூழ்ந்திருந்த மாசாய், 1977இல் பாசிர் கூடாங் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பின் ஆலைகளும் குடியிருப்புகளும் நிறைந்த ஊராயிற்று. 1985இல் வந்த புரோட்டான் சாகாவும் 1994இல் வந்த கஞ்சிலும் இன்று பழைய வண்டிகளாகிவிட்டன. அவற்றின் ஓட்டுநர் பலர்க்கு, மின்னல் எஃப்.எம். முதலிய தமிழ் ஒலிபரப்பு வேலைக்குச் செல்லும் வழித்துணை. கூம்பு கிழிந்து சொற்கள் குழம்பினால் அத்துணை குறைகிறது. அதற்காகப் பெட்டியையும், சில வேளை வண்டியையும் மாற்றத் துணிவோர் இலர் அல்லர்.

மாணவர்க்கு ஒலிபெருக்கியைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர், பெயரைக் கூறுவதோடு நில்லாது, பெருக்குவது எது, ஒலிப்பது எது, தேய்வது எது என்று பிரித்துக் காட்டுதல் நன்று. தேய்ந்த உறுப்பை அறிந்து மாற்றுவோன் மற்றவற்றைக் காப்பாற்றுகிறான். நீராடச் சென்ற முரசு மீண்டும் தன் கட்டிலுக்கு வந்ததன்றோ? பேணப்பட்ட கருவியே தொடர்ந்து பேசும்.