மாத்தளைத் தோட்டத் தமிழரின் உணவும் வரலாறும்

ஓரினத்தின் பண்பாட்டை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமும் துணைபுரிகின்றன. எழுதிவைக்கும் வாய்ப்பற்ற உழைப்பாளரின் வரலாற்றுக்கோ அவர்தம் அடுப்படியும் ஒரு சான்றாகும். மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் உணவு மரபை இந்நோக்கில் ஆராய்வாம்.

19 ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்ட வேலைக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளை ஊடாக நடந்து மாத்தளையை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது இவ்வருகை பெருகிற்று. எனவே, இவர்கள் வரலாறு சோறு தேடி வந்தோர் வரலாறு என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

வந்தவர் தத்தம் ஊர் வழக்கங்களை உடன் கொணர்ந்தனர். மாரியம்மன் வழிபாடும் அவர்களோடு வந்தது; மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அவ்வழிபாட்டிற்குப் புகழ்பெற்ற தலமாகும். தாயகத்திற் கேழ்வரகு எனப்பட்ட தானியம் ஈண்டுக் குரக்கன் எனப்பட்டது. பெயர் மாறியும் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் வழக்கம் மாறவில்லை. பொங்கற் பானையும் தீபாவளி முறுக்கும் லயத்து அறைகளிலும் இடம்பெற்றன.

அன்றாட உணவிலோ மாற்றம் நிகழ்ந்தது. தோட்ட நிருவாகம் அரிசியை வழங்கி, அதன் விலையைக் கூலியிற் கழித்தது. 1942 இற் பர்மா யப்பானியர் வசமாகவே அங்கிருந்து அரிசி வருதல் நின்றது. பங்கீட்டிற் கோதுமை மா இடம்பெற்றது. சோற்றையே உணவெனக் கருதியோர் ரொட்டி சுடலாயினர். தேங்காய்த் துருவல் கிடைத்தபோது அதனையுஞ் சேர்த்துச் சுட்ட ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் உப்பும் வைத்து அம்மியில் அரைத்த சம்பலும், சாயத்தண்ணீரும் அவர்தம் உணவாய் நிலைத்தன. மிளகுக்கும் சாதிக்காய்க்கும் கொக்கோவுக்கும் பெயர்பெற்ற மாவட்டத்தில் உழைத்தோரின் உணவு இதுவே. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் தட்டுப்பாட்டில் இதுவும் அரிதாகி, மலையகத் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. ஆயின், அவர்தம் அடுப்போ அயற் கிராமத்துச் சிங்கள மக்களும் விரும்பியுண்ணும் தேங்காய் ரொட்டியையும் சம்பலையும் தன்னுடையதாக ஏற்றிருந்தது. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தமிழகஞ் சென்றோருட் பலர் நீலகிரியிற் குடியேறினர்; அவர்களோடு ரொட்டியும் சம்பலுஞ் சென்றன. இலங்கையில் இந்தியர் எனப்பட்டோர் ஆங்குச் சிலோன்காரர் எனப்பட்டனர்.

பண்பாட்டு அடையாளம் என்பது முன்னோர் தந்ததை மாற்றாது காத்தல் மட்டுமன்று. வறுமையிற் கிடைத்ததையும் தமதாக்கிக் கொள்ளலுமாம். கூழ் வந்த வழியைக் காட்டுகின்றது. ரொட்டி வாழ்ந்த வாழ்வைக் காட்டுகின்றது. இரண்டும் சேர்ந்ததே இம்மக்களின் மரபு. மாணவர் தத்தம் பாட்டிமாரிடங் கேட்டு இவற்றை எழுதிவைப்பரேல், ஏட்டில் ஏறாத வரலாறு மறையாது நிலைபெறும்.