தீட்டு: தொட்டதும் தேய்த்ததும்

“அந்தப் பக்கம் போகாதே, தீட்டு வீடு.”

அம்பாங் பெச்சா, கோல குபு, பத்தாங் பெர்ஜுந்தை, கோல சிலாங்கூர் என்று நீளும் மலேசியாவின் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் இந்த வாக்கியத்துக்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை. அந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், யாரோ இறந்திருக்கிறார், அல்லது பிள்ளை பிறந்திருக்கிறது. சாவுக்குப் பதினாறு நாள், பிறப்புக்கு முப்பது நாள் என்பது பொதுக்கணக்கு. குடும்பத்துக்குக் குடும்பம் கொஞ்சம் ஏறும், இறங்கும். கடைசி நாளன்று வீட்டைக் கழுவிவிடுவார்கள். துணியெல்லாம் துவைத்துக் கொடியேறும். பித்தளைச் செம்பில் மஞ்சள் கரைத்த தண்ணீர், அதில் ஒரு மாவிலைக்கொத்து. என் அத்தை அதை நனைத்து வாசற்படி, அடுப்பு மேடை, கதவுக்குப் பின்புறம் என்று ஒரு மூலை விடாமல் தெளிப்பார். “தீட்டுக் கழிஞ்சிருச்சு” என்ற பிறகுதான் சாமி விளக்கு எரியும்.

தீட்டு, தீண்டு என்ற வினையிலிருந்து வந்தது. தூங்கு தூக்கமானதும் ஏங்கு ஏக்கமானதும் போல, மெல்லெழுத்து வல்லெழுத்தாகி தீண்டு தீட்டாயிற்று. தீண்டுதல் என்றால் தொடுதல்; ஆதியில் அதில் குற்றமெதுவும் இல்லை. பிள்ளைகளின் மெய் தம்மேல் படுவதால் பெற்றோர் அடையும் இன்பத்தைச் சொல்ல வள்ளுவர் 65ஆம் குறளில் எடுத்துக்கொண்டது இந்த வினையைத்தான். பாம்பு கடித்ததை “பாம்பு தீண்டியது” என்று சொல்லும்போது தொடுகைக்குள் நஞ்சு ஏறுகிறது. பின்னால் பெயர்ச்சொல்லில் நஞ்சு மட்டுமே மிஞ்சிவிட்டது. மலையாளத்தில் மாதவிடாய்க்குத் தீண்டாரி என்று பெயர். யாழ்ப்பாணத்தார் இதே விலக்கைத் துடக்கு என்பார்கள். தொடக்கு, அதாவது ஒன்றில் சிக்கித் தொடர்புபட்டிருத்தல். சொல் வேறானாலும், ஒருவரை இன்னொருவரிடமிருந்து தள்ளி நிறுத்தும் வேலை ஒன்றுதான்.

இதே ஒலியில் தமிழில் ஒரு வினையும் இருக்கிறது. கத்தி தீட்டுகிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம், ஓவியம் தீட்டுகிறோம், வைரத்தைப் பட்டை தீட்டுகிறோம், அரிசியைத் தீட்டுகிறோம், திட்டம் தீட்டுகிறோம். தேய்த்தல், பூசுதல், தேய்த்து ஒளி ஏற்றுதல் எல்லாம் இதற்குள் அடக்கம். பெயர்ச்சொல் அழுக்கைச் சொல்கிறது; வினைச்சொல் அழுக்கைப் போக்குகிறது. இரண்டையும் தோட்டத்து மக்கள்போல ஒரே நாளில் புழங்கியவர்கள் குறைவு.

பால்மரம் வெட்டுகிறவருக்கு, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பவருக்கு, தீட்டுதல் அன்றாடக் கடமை. விடியுமுன் லயத்து வாசலில் கல்லை நனைத்து வைத்து, உளியின் மூக்கை அதில் இழுத்து இழுத்துத் தேய்ப்பார்கள். கூர் வந்ததா என்று கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பட்டையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய சீவல் மட்டும் எடுக்கவேண்டும். பால் ஓடும் குழாய்கள் உள்பட்டையில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் படலம். உளி மழுங்கியிருந்தால் பட்டை பிய்யும், ஆழம் தவறும், படலத்தில் காயம் பட்டு மரம் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும். அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காக வெட்ட முடியாது. ஆகவே நன்றாகத் தீட்டிய உளி மரத்துக்கும் நல்லது, கூலிக்கும் நல்லது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் கல் போகவில்லை. மலேசியாவில் வணிகமுறைச் செம்பனை முதலில் நடப்பட்டது இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில், 1917இல், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரரின் தென்னமரம் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரே தமிழ். அங்கே யார் உழைத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நீளக் கழியில் கட்டிய அரிவாளால் குலை வெட்டுகிறவர்களும் இன்றுவரை தீட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அரிசித் தீட்டலின் கதை பெரியது. மலாயாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நிற்கும். சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களிடம் நோய் கடுமையாக இருந்தது. தோட்டத்துத் தமிழரிடம் அரிதாகவே கண்டது. ஏன் இந்த வேறுபாடு என்று மருத்துவர்கள் சோற்றுப்பானையை எட்டிப் பார்த்தார்கள். சீனர் தின்றது வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. தமிழர் தின்றது புழுங்கலரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெச்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் தின்றவர்களில் ஒருவரும் இல்லை. சில ஆண்டுகளுக்குள் மருத்துவர்கள் ஃபிரேசரும் ஸ்டான்டனும், அரிசியைத் தீட்டும்போது உதிர்ந்துபோகும் மேல்தோலில்தான் உயிர் காக்கும் சத்து இருக்கிறது என்று நிறுவினார்கள். தையமின் என்று நாம் இன்று சொல்வது அதுதான். நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து தோலிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. தவிட்டை அழுக்கென்று எண்ணி அகற்றியதே நோயைக் கொண்டுவந்தது. அவித்துக் குத்தித் தின்ற எங்கள் பாட்டிமாருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் வழக்கம் அவர்களைக் காத்தது.

எது அழுக்கு என்று முடிவு செய்வதில் ஏற்படும் பிழை அரிசியோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தீட்டுக்கு எதிர்மறையாகப் பிறந்த சொல்லல்ல தீண்டாமை. தீட்டின் முற்றிய வடிவம் அது. கப்பலேறி வந்த மக்களோடு அதுவும் வந்திறங்கியது. சில தோட்டங்களில் லயங்கள்கூடச் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து சாதிக்கு எதிராகப் பேசியபோது அதைக் கேட்கக் கூட்டம் கூடியதில் வியப்பில்லை. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே சித்தர் சிவவாக்கியர், தீட்டென்று ஒதுக்கும் குருதியில்தானே உடல் உருவாகிறது என்ற பொருளில் கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எவரும் நேர்விடை சொல்லவில்லை.

பெண்கள் விஷயத்தில் தோட்டமே ஒரு பதில் வைத்திருந்தது. மாதவிலக்கான பெண் கோயிலுக்குள் போகமாட்டார். சமையலறையிலும் சில வீடுகளில் அவருக்குத் தடை. ஆனால் விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போனார், மரம் வெட்டினார், வாளி வாளியாகப் பால் சுமந்து ஸ்டோரில் நிறுவைக்கு நின்றார். அந்தப் பாலைத் தீட்டென்று கணக்கெழுதும் எந்தக் கிராணியும் திருப்பி அனுப்பியதில்லை. கூலி கொடுக்கும் இடத்தில் ஒட்டாத தீட்டு, கோயில் வாசலில் மட்டும் ஒட்டிக்கொண்டது. மாதவிலக்குக்கு இந்தச் சொல்லைச் சொல்வதை நாம் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். நோயுமில்லை, அழுக்குமில்லை, உடம்பின் ஒழுங்கு அது. ஓய்வு தேவையென்றால் ஓய்வு என்றே சொல்லலாம்.

சாவுத் தீட்டை மட்டும் அந்த வேகத்தில் தள்ள என்னால் முடியவில்லை. அதன் உள்ளே ஓர் ஏற்பாடு இருந்தது. தீட்டு வீட்டில் அடுப்பு எரியாது. எனவே பக்கத்து லயத்திலிருந்து சோறு வரும். தீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் போகவேண்டாம், திருவிழாவில் வரி கட்டி நிற்கவேண்டாம், சிரித்த முகம் காட்டவேண்டாம். அழுவதற்கு ஊரே கொடுத்த விடுமுறை அது. தோட்டங்கள் விற்கப்பட்டு, மக்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போன பிறகு பதினாறு நாள் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. முதலாளி கொடுக்கும் இரண்டு மூன்று நாள் விடுப்புக்குள் எல்லாவற்றையும் முடித்து, கருமாதியை மட்டும் பின்னால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கிறார்கள். மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறார்கள், தீட்டுக் கழிந்தது என்கிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வருவது மட்டும் நின்றுபோயிற்று. அந்த இரண்டு மூன்று நாளும் சாப்பாட்டுக் கடையில் சொல்லி வரவழைக்கிறார்கள்.