விரல் வைத்தால் லட்சம் பாட்டு... அப்புறம் ஏன் வினைல் இசைத்தட்டு? சேகரிப்பாளர்கள் எதைத் தேடுகிறார்கள்?

செல்போனில் விரல் வைத்தால் எந்தப் பாட்டும் ஓடும். சந்தா கட்டினால் விளம்பரத் தொல்லைகூட இல்லை. அப்படியிருக்க, ஒரு பக்கம் 20 நிமிஷத்தில் முடிந்துபோகிற, கீறல் விழுகிற, வெயில் பட்டால் வளைந்துபோகிற ஒரு கறுப்புத் தட்டை சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஏன் வாங்குகிறார்கள்?

வெறும் பழைய ஞாபகம்னு இதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்கள் சங்கத்தின் கணக்குப்படி, 2022-ல் அந்த நாட்டில் சுமார் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன. சிடி 3.3 கோடிதான். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல், சிடியை முந்தியது அதுதான் முதல் முறை.

கிராமபோன் பிளேட்டும் வினைலும் ஒண்ணா?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்கிற இடம் இது.

பாட்டி காலத்து கிராமபோன் தட்டு, அரக்கு கலந்து செய்தது. மரத்தில் வாழும் ஒரு பூச்சி சுரக்கிற பிசின்தான் அரக்கு. அதை உலகத்துக்கு அதிகமாகக் கொடுத்த நாடுகளில் இந்தியா முக்கியமானது. தட்டு கனமாக இருக்கும். கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு சுமார் 3 நிமிஷம்தான் பாட்டு.

வினைல் என்பது ஒருவகை பிளாஸ்டிக். 1948-ல் கொலம்பியா நிறுவனம் நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. மறு வருஷமே ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டை இறக்கியது.

இந்தியாவில் 78 தட்டுகள் 1960-களிலும் வந்துகொண்டிருந்தன. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78-ல் வெளியாகின. அதனாலேயே அந்த இந்தியத் தட்டுகளுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் இன்றைக்குத் தனி மவுசு.

தட்டில் பாட்டு எங்கே ஒளிந்திருக்கு?

தட்டின் மேல் தெரியும் வட்டங்கள் தனித்தனி வட்டங்கள் இல்லை. வெளி ஓரத்திலிருந்து உள்ளே வரை சுருண்டு போகும் ஒரே ஒரு பள்ளம். அதன் சுவர்கள் ஒலிக்கு ஏற்ப நெளிந்திருக்கும். ஊசி அதில் ஓடும்போது அதிரும். பிளேயர் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் ஒரு சுவரில் இடது பக்க ஒலி, மறு சுவரில் வலது பக்க ஒலி. ஒரே ஊசி இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கிறது.

சத்தம் உண்மையிலேயே உசத்தியா?

இங்கேதான் சண்டை. அளவீட்டில் பார்த்தால் சிடிதான் முன்னால். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சிடி சுமார் 96 டெசிபல் வரை இடம் தரும். வினைல் அந்த அளவை எட்டாது. தூசி பட்டால் படபட சத்தம் வேறு.

2022-ல் இன்னொரு அதிர்ச்சி. முழுக்க அனலாக் முறையில் தயாரானது என்று நம்பி, மொபைல் ஃபிடலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் அதிக விலைக்கு வாங்கி வந்தார்கள். அவற்றில் பலவற்றின் தயாரிப்பில் நடுவே டிஜிட்டல் பதிவு பயன்பட்டிருந்தது தெரியவந்தது. கைதேர்ந்த காதுகளாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

ஆக, 'வினைல்னாலே சத்தம் நல்லா இருக்கும்' என்பது அப்படியே உண்மை இல்லை. எந்த மூலப் பதிவு, யார் வெட்டியது, எப்படி அச்சானது, எந்த ஊசி... இத்தனையும் சேர்ந்துதான் தரம்.

அப்புறம் எதுக்கு இந்தப் பைத்தியம்?

கேட்கும் முறைதான் பதில். தட்டை உறையிலிருந்து எடுக்கணும், துடைக்கணும், ஊசியை இறக்கணும். 20 நிமிஷத்தில் எழுந்து போய்த் திருப்பணும். அடுத்த பாட்டுக்குத் தாவுவது லேசான வேலை இல்லை. அதனால் பிடித்த பாட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கிற பாட்டுகளையும் உட்கார்ந்து கேட்கிறார்கள். யாரும் முணுமுணுக்காத பாட்டு அப்படித்தான் ஒருத்தருக்குப் பிடித்துப்போகிறது. பெரிய உறையில் படமும், பாடியவர், எழுதியவர் பெயரும் கையிலேயே இருக்கும்.

இன்னொரு காரணம், தட்டில் மட்டுமே இருக்கும் வடிவங்கள். அந்தக் காலத்தில் படத்துக்கு ஒரு முறையும், 3 நிமிஷத் தட்டுக்கு இன்னொரு முறையும் தனியாகப் பாடிப் பதிந்தது உண்டு. படச்சுருள் அழிந்த படங்களுக்கு, தட்டுதான் மிச்சம்.

அதைவிடப் பெரிய விஷயம், குரல்

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டை ஃபிரெட் கெய்ஸ்பெர்க் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே!

தமிழில் எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்தவர், 1933-ல் 30 வயதை எட்டும் முன்பே இறந்துபோனார். சினிமாவில் நடிக்கவில்லை. அவர் குரல் நமக்குக் கிடைப்பது கிராமபோன் தட்டுகளால்தான்.

நிறுவனங்களிடம் பழைய மூல அச்சுகள் பலவும் இல்லாமல் போய்விட்டன. ஆகவே யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும் பிரதிதான் பல பாட்டுகளுக்குக் கடைசிச் சாட்சி. இந்த வேலைக்காகவே 1990-ல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சங்கம் தொடங்கியது. சேகரித்தவர் காலமான பிறகு குடும்பத்தினர் மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிட்டால், அந்தக் குரல் அதோடு சரி.

உங்க வீட்டுப் பரணில் தட்டு இருந்தால் என்ன செய்யணும்?

* ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் ஈரமும் படக்கூடாது.

* 78 தட்டை ஸ்பிரிட், சானிடைசர் கொண்டு துடைக்கவே கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். நடுவில் உள்ள காகித லேபிள் நனையாமல், மெல்லிய துணியில் காய்ச்சி வடித்த நீரைத் தொட்டுத் துடைத்து உலரவிடுங்கள்.

* எல்.பி. தட்டைக் கை சுற்றும் கிராமபோனில் போடாதீர்கள். அதன் கனமான கையும் இரும்பு ஊசியும் பள்ளத்தை ஒரே தடவையில் கெடுத்துவிடும். 78-க்கும் எல்.பி.க்கும் ஊசி வேறு வேறு.

* உடைந்த துண்டுகளை ஒட்டவும் வேண்டாம், வீசவும் வேண்டாம். ஊசி படாமல், பள்ளத்தைப் படம் பிடித்தே ஒலியை மீட்கும் முறை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவாகியிருக்கிறது.

* லேபிளையும், அதை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். எந்தப் பதிவு என்று கண்டுபிடிக்க அந்த எண்தான் வழி.

டிஜிட்டலாக மாற்றி எல்லோருக்கும் கொடுக்கலாமா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 வருஷம். ஆனால் பாட்டு வரிக்கும் இசைக்கும் உரிமை தனி. எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை அது இருக்கும். 1930-களின் தட்டு என்றாலும் இரண்டையும் பார்த்த பிறகே இணையத்தில் ஏற்றுங்கள். ஏற்றாவிட்டாலும் பரவாயில்லை, தட்டு பத்திரமாக இருக்கட்டும். வேண்டாம் என்று முடிவெடுத்தால், எடைக்கடைக்கு முன்னால் ஒரு சேகரிப்பாளருக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு போன் போடுங்கள்.