பேரை வாவிக் கரையில்

கொழும்பின் பேரை வாவிக் கரைப் பூங்காவில் காற்று வாங்க வருவோர் கூழைக்கடாக்களைக் கண்டு மகிழ்வர். அது இயற்கை ஏரியன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் தம் கோட்டையைக் காக்க ஓடையொன்றை மறித்துத் தேக்கிய நீர். 1587இல் கோட்டையை முற்றுகையிட்ட முதலாம் இராஜசிங்கன் கால்வாய் வெட்டி அதனை வடியவைக்க முனைந்தான்.

ஒல்லாந்தர் ஆட்சியில் அதே நீர் சிறைமதிலாயிற்று. பகலில் உழைத்த ஆபிரிக்க அடிமைகளை இரவில் வாவி சூழ்ந்த நிலத்தில் அடைத்தனர். நீந்தித் தப்பாதபடி வாவியில் முதலைகள் இருந்தன என்றும் கூறுவர். ஆங்கிலேயர் அவ்விடத்தை 'ஸ்லேவ் ஐலண்ட்' என்றனர். நமக்கு அது கொம்பனித்தெரு. அடிமைப் பெயர் நம் நாவில் ஒட்டாதது நல்லதே!

அங்கு வேரூன்றியவர்களுள் மலாயர் முக்கியமானவர்கள். வேகந்தைப் பள்ளிவாசல், 1786இல் பந்தான் பாலி என்பார் வாங்கிய காணியில் எழுந்ததென்பர். 1872இல் மலாயர் கிரிக்கெட் கழகம் அமைத்தனர். மறு ஆண்டே அவர்கள் பெருமளவிற் பணியாற்றிய இலங்கை ரைபிள் படை கலைக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1869இல், பாபா யூனுஸ் சல்தீன் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய் இதழைக் கொழும்பில் வெளியிட்டார். அதன் எழுத்து அரபு வழிவந்த ஜாவி. அரபுத் தமிழைப் போற்றும் எமது இலக்கிய வட்டம் இந்தச் சகோதர மரபை ஏனோ அதிகம் கண்டுகொள்ளவில்லை.

வாவியில் மிதப்பது போலத் தோன்றும் சீமாமாலக்கையின் கதையும் நோக்கத்தக்கது. ஜெப்ரி பாவா வடிவமைத்து 1970களின் பிற்பகுதியில் எழுந்த அப்பௌத்த மண்டபத்துக்குப் பொருளுதவி செய்தவர், மறைந்த மகனின் நினைவாக அதனைச் செய்த முஸ்லிம் வர்த்தகர் எஸ்.எச். மூசாஜி.

ஒரு காலத்தில் ஏறத்தாழ 165 ஹெக்டேயராக இருந்த வாவி, கரை நிரப்பப்பட்டு 65 ஹெக்டேயராகச் சுருங்கிவிட்டது. மழைவெள்ளத்தைத் தாங்கும் இடமும் அந்த அளவுக்குக் குறைந்தது. மலக்கழிவும் வடிகால் நீரும் சேர்க்கும் சத்துக்களில் நுண்பாசி பெருகுவதாலேயே நீர் பச்சையாகி நாறுகிறது. கரையில் நடைபாதை போடுவதால் மட்டும் இது தீராது.

2010க்குப் பின் நகர மீளுருவாக்கம் என்ற பெயரில் கொம்பனித்தெருக் குடும்பங்கள் பல தம் வீடுகளை இழந்தன. மலாய் வரலாற்றைப் பெயரிலேயே சுமந்த ஜாவா லேனும் தப்பவில்லை. அப்பகுதியில் எழுந்த கோபுர மாடிகளின் விளம்பரங்களில் விலை பேசப்படுவது வாவிக் காட்சி.