வாட்ச்மேனுக்கு சட்டம் உண்டு, அலாரம் விற்பவருக்கு?

அவிநாசி, பல்லடம் பக்கம் தோட்டத்து வீடுகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். பிள்ளைகள் பனியன் கம்பெனி, வெளியூர் வேலை என்று போய்விட, பல வீடுகளில் வயதானவர்கள் மட்டுமே. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூவர் கொல்லப்பட்டார்கள். 2025-ல் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி. இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் கேமரா, சென்சார், சைரன் எல்லாம் ஒரே பேக்கேஜாக விற்கப்படுகிறது. விற்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பழைய காவல் முறையில் ஒரு நிபந்தனை இருந்தது. காவல்காரர் ஊரிடம் கூலி வாங்குவார். களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இதை மிரட்டிப் பணம் பறிக்கப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஆனால் பொறுப்பு யாருடையது என்பது தெளிவு. 1801-க்குப் பிறகு கம்பெனி ஆட்சி பாளையக்காரர்களின் காவல் உரிமையை எடுத்துக்கொண்டது. 1859-ல் சென்னை மாகாண போலீஸ் சட்டம் வந்தது.

தனியார் காவலுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 2005-ல்தான். செக்யூரிட்டி ஏஜென்சி நடத்த லைசென்ஸ் கட்டாயம். இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவலரின் நடத்தையை விசாரிக்க வேண்டும், பயிற்சி தர வேண்டும். பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டியைக்கூட அந்தச் சட்டத்தின் வரையறை பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அலாரம் விற்பதைப் பற்றி அந்த வரையறையில் ஒரு வார்த்தை இல்லை!

அதாவது, கேட்டுக்கு வெளியே நிற்பவரை விசாரிக்கிறோம். படுக்கையறை வரை வந்து, நகை இருக்கும் பீரோவைப் பார்த்து, பாஸ்வேர்டும் போட்டுக் கொடுப்பவரை விசாரிப்பதில்லை.

மின்சார வேலைக்கு அப்படி இல்லை. வீட்டு வயரிங் லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும் என்று 1956 விதிகளே சொல்லின. ஆனால் பிளக்கில் சொருகி 12 வோல்ட்டில் ஓடும் அலாரத்துக்கு அது பெரிதாகப் பொருந்தாது.

வெளிநாடுகளும் ஒரே மாதிரி இல்லை. கலிஃபோர்னியாவில் அலாரம் கம்பெனிக்கு லைசென்ஸ் வேண்டும். வீட்டுக்கே வந்து விற்கும் ஏஜென்ட்டும் பதிவு செய்ய வேண்டும். பிரிட்டன் 2001 சட்டத்தில் காவலருக்கு லைசென்ஸ் கொண்டுவந்தது, அலாரம் மாட்டுபவரை விட்டுவிட்டது.

இந்தியாவில் இப்போது பொருளுக்குக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். ஆனால் அதை மாட்டும் ஆளுக்குச் சோதனை இல்லை.

லைசென்ஸ் வந்தால் லஞ்சமும் வரும், சின்னக் கடைக்காரர் நசுங்குவார் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பயம்தான். அதற்குப் பெரிய பரீட்சை எதுவும் தேவையில்லை. காவலருக்கு இருக்கும் அதே நடத்தை விசாரணையும் ஒரு பதிவு எண்ணும் போதும். அதுவரை, வேலை முடிந்த அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். பில்லில் விற்பவரின் முகவரியும் வாரண்டியும் இருக்கிறதா என்றும் பாருங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் கையில் இருக்கப் போவது அந்த பில்தான்.