கோல் அடிப்பவரா, கோலைத் தடுப்பவரா? - செயின்ட் லூயிஸ் ரசிகர்களின் முடியாத விவாதம்

1970ம் ஆண்டு மே 10ம் தேதி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிச் சுற்று. ஆட்டம் 3-3 என்று சமநிலையில் நின்று கூடுதல் நேரத்துக்குப் போகிறது. நாற்பதாவது நொடியில் பாஸ்டன் அணியின் பாபி ஓர் என்ற 22 வயது இளைஞர் கோல் அடிக்கிறார். அதே கணத்தில் எதிரணி வீரரின் மட்டை அவர் காலை வாரிவிட, கைகளை விரித்தபடி காற்றில் பறக்கிறார். அந்தக் காட்சியைப் பிடித்த புகைப்படம்தான் ஐஸ் ஹாக்கியில் மிகவும் புகழ்பெற்ற படம்.

அன்று தோற்ற அணி செயின்ட் லூயிஸ் ப்ளூஸ். 1967ல் தொடங்கப்பட்ட அந்த அணி 1968, 1969, 1970 என்று தொடர்ந்து மூன்று முறை இறுதிச் சுற்றுக்கு வந்து, மூன்றிலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் திரும்பியது.

இதில் கவனிக்க வேண்டியது, பாபி ஓர் ஒரு முன்கள வீரர் அல்ல, தடுப்பாட்டக்காரர். ஒரு இளம் தடுப்பாட்டக்காரர் அணியின் தலையெழுத்தையே மாற்ற முடியும் என்பதை செயின்ட் லூயிஸ் ரசிகர்கள் எதிரணியிடம் தோற்றுத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் தங்கள் அணிக்கே அப்படி ஒரு இளைஞர் வந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள்?

தடுப்பாட்டம் ஏன் கஷ்டம்?

ஐஸ் ஹாக்கியில் ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் பனித்தளத்தில் ஆறு பேர். கோல்கீப்பர் ஒருவர், தடுப்பாட்டக்காரர்கள் இருவர், முன்கள வீரர்கள் மூவர். வேகமாகப் பாய்ந்து வரும் எதிரியைப் பார்த்தபடியே தடுப்பாட்டக்காரர் பின்னோக்கிச் சறுக்க வேண்டும். எப்போது நெருங்குவது, எப்போது விலகி நிற்பது என்பதை அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். பக் (பந்துக்குப் பதிலாகப் பயன்படும் ரப்பர் வட்டு) கையில் சிக்கியதும், மேலே விழப்போகும் எதிரியைச் சமாளித்து அதை முன்கள வீரரிடம் சேர்க்க வேண்டும்.

முன்கள வீரர் பத்து முறை தவறவிட்டு ஒரு முறை கோல் போட்டால் அரங்கமே எழுந்து நிற்கும். தடுப்பாட்டக்காரர் பத்து முறை சரியாகச் செய்து ஒரு முறை தவறினால் அது கோலாகி, அத்தனை பேர் கண்ணிலும் படும்! சரியாகச் செய்த பத்தும் யார் நினைவிலும் நிற்காது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு வருபவர்கள் தவறு செய்து செய்துதான் கற்க முடியும். அந்தத் தவறுகளை டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்ப்பவர் ரசிகர். விவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஸ்டீவன்ஸ் போனார், ஷானஹன் வந்தார்

1990ல் ப்ளூஸ் அணி வாஷிங்டனில் ஆடிய ஸ்காட் ஸ்டீவன்ஸ் என்ற தடுப்பாட்டக்காரரை ஒப்பந்தம் செய்தது. அதற்கு விலையாக, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தனது ஐந்து முதல் சுற்று வாய்ப்புகளை வாஷிங்டனுக்குக் கொடுத்தது. ஸ்டீவன்ஸ் கேப்டனும் ஆனார்.

அடுத்த ஆண்டே நியூ ஜெர்சி அணியின் இளம் முன்கள வீரர் பிரெண்டன் ஷானஹனை ப்ளூஸ் ஒப்பந்தம் செய்தது. அன்றைய விதிப்படி இதற்கு ஈடு கொடுக்க வேண்டும். இரண்டு அணிகளும் ஒத்துப்போகாததால் மத்தியஸ்தர் முன் விவகாரம் போனது. கோல்கீப்பர் கர்டிஸ் ஜோசப்பையும் ராட் பிரிண்டமோர் என்ற முன்கள வீரரையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் தருவதாக ப்ளூஸ் சொன்னது. நியூ ஜெர்சி கேட்டது ஒரே ஒருவரை: ஸ்டீவன்ஸ். மத்தியஸ்தர் நியூ ஜெர்சியின் பக்கம் தீர்ப்பளித்தார்.

ஷானஹன் ரசிகர்களை ஏமாற்றவில்லை. 1992-93ல் 51 கோல், 1993-94ல் 52 கோல். செயின்ட் லூயிஸின் செல்லப்பிள்ளை ஆனார். ஆனால் 1995 ஜூனில் ஸ்டான்லி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிய நியூ ஜெர்சி கேப்டன் யார் தெரியுமா? அதே ஸ்காட் ஸ்டீவன்ஸ்!

1995 ஜூலை 27

அப்போது ப்ளூஸின் பயிற்சியாளரும் மேலாளரும் ஒருவரே: மைக் கீனன். 1994ல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்துவிட்டு வந்தவர். கண்டிப்புக்குப் பெயர் போனவர். ஸ்டீவன்ஸ் கோப்பை தூக்கிய மறுமாதமே அவர் ஷானஹனை ஹார்ட்ஃபோர்டு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு 20 வயது தடுப்பாட்டக்காரர் ஒருவரை வாங்கினார். பெயர் கிறிஸ் பிராங்கர்.

கனடாவின் டிரைடன் என்ற சிறு ஊரில் பிறந்த பிராங்கர் ஆறரை அடி உயரம். 1993 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வானவர். முதலாவதாகத் தேர்வான அலெக்சாண்டர் டேக்ல், இரண்டாவதாக வந்தவரை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள் என்று அன்று சொன்னார். (பின்னாளில் அந்தப் பேச்சுதான் டேக்லைப் பற்றி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது!) ஹார்ட்ஃபோர்டில் பிராங்கர் ஆடிய இரண்டு பருவங்களில் திறமையும் தெரிந்தது, தவறுகளும் தெரிந்தன.

செயின்ட் லூயிஸ் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஐம்பது கோல் அடிப்பவரைக் கொடுத்துவிட்டு, இன்னும் ஆடக் கற்றுக்கொண்டிருக்கும் பையனை வாங்குவதா? அடுத்த சில நாட்களிலேயே கர்டிஸ் ஜோசப்பும் எட்மன்டனுக்கு அனுப்பப்பட்டார். கீனன் மேலிருந்த கோபம் முழுவதும் பிராங்கர் தலையில் விழுந்தது. அவர் பக்கைத் தொட்டாலே சொந்த அரங்கிலேயே எதிர்ப்புக் கூச்சல் எழுந்த நாட்கள் உண்டு.

கூச்சல் அடங்கிய விதம்

கீனன் 1996 டிசம்பரில் வேலையை இழந்தார். அவர் வாங்கிய பையன் மட்டும் தங்கினார். புதிய பயிற்சியாளர் ஜோயல் குவென்வில் வந்தார். 1997ல் பிராங்கர் கேப்டன் ஆனார். அதைவிட முக்கியமானது, அதே அணியில் அல் மக்இன்னிஸ் இருந்தார். கால்கரி அணியுடன் 1989ல் கோப்பை வென்றவர், பிராங்கரைவிடப் பதினொரு வயது மூத்த தடுப்பாட்டக்காரர். ஒரு இளம் தடுப்பாட்டக்காரருக்குப் பயிற்சியாளர் கரும்பலகையில் சொல்லித் தருவதைவிட, பக்கத்தில் ஆடும் மூத்தவர் செய்து காட்டுவதுதான் பெரிய பாடம்.

சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை 1999ல் மக்இன்னிஸ் வாங்கினார். 2000ல் பிராங்கர் வாங்கினார். அந்த ஆண்டு லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையும் பிராங்கருக்கே! யாரோமிர் யாகரை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார். 1972ல் பாபி ஓருக்குப் பிறகு ஹார்ட் கோப்பை வாங்கிய முதல் தடுப்பாட்டக்காரர் அவர்தான். அந்தப் பருவத்தில் ப்ளூஸ் 114 புள்ளிகளுடன் லீக்கிலேயே முதலிடம் பிடித்தது.

ஆக, ரசிகர்கள் தோற்றார்கள், கீனன் ஜெயித்தார் என்று முடித்துவிடலாமா? அவ்வளவு எளிதல்ல. அதே 2000ல் ப்ளூஸ் முதல் சுற்றிலேயே சான் ஹோசேயிடம் தோற்று வெளியேறியது. பிராங்கர் காலத்தில் செயின்ட் லூயிஸுக்குக் கோப்பை வரவே இல்லை. ஷானஹனோ 1996ல் டெட்ராய்ட் போய்ச் சேர்ந்து 1997, 1998, 2002 என்று மூன்று கோப்பைகள் வாங்கினார். ஷானஹனை விட்டது தப்பு என்று சொன்ன ரசிகரிடமும் கணக்கு இருந்தது.

மறுபடியும் அதே கேள்வி

2004-05 பருவம் முழுவதும் சம்பளத் தகராறில் ரத்தானது. பிறகு சம்பள உச்சவரம்பு வந்தது; ப்ளூஸ் உரிமையாளரும் அணியை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். 2005 ஆகஸ்டில் பிராங்கர் எட்மன்டனுக்கு அனுப்பப்பட்டார். பதிலுக்கு வந்தவர்கள் எரிக் பிரூவர், ஜெஃப் வொய்விட்கா, டக் லிஞ்ச். மூவருமே இளம் தடுப்பாட்டக்காரர்கள்!

விளைவு? தொடர்ந்து 25 பருவங்கள் பிளே ஆஃப் ஆடிய ப்ளூஸ் அந்தப் பருவத்தில் லீக்கின் கடைசி இடத்துக்கு விழுந்தது. பிராங்கர் சேர்ந்த எட்மன்டன் 2006 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போய் கரோலினாவிடம் தோற்றது. கரோலினா வேறு யாருமல்ல, 1997ல் இடம் மாறிப்போன பழைய ஹார்ட்ஃபோர்டு அணிதான்! அடுத்த ஆண்டு அனஹெய்ம் அணிக்குப் போய் பிராங்கர் கோப்பை வென்றார்.

கடைசி இடத்துக்கு வந்ததால் 2006 டிராஃப்டில் ப்ளூஸுக்கு முதல் வாய்ப்பு கிடைத்தது. எரிக் ஜான்சன் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தார்கள். அதே டிராஃப்டில் மூன்றாவதாகப் போன முன்கள வீரர் ஜொனாதன் டேவ்ஸ், பக்கத்து எதிரியான சிகாகோவுக்குக் கேப்டனாக மூன்று கோப்பைகள் வாங்கித் தந்தார். ஜான்சனோ கோல்ஃப் வண்டி விபத்தில் முழங்காலில் அடிபட்டு 2008-09 பருவம் முழுவதையும் இழந்தார். 2011ல் கொலராடோவுக்குக் கொடுக்கப்பட்டார். அங்கே பொறுமையாகப் பதினோரு ஆண்டுகள் ஆடி, 2022ல் கோப்பை வென்றார்.

2008ல் நான்காவதாக எடுத்த அலெக்ஸ் பியட்ராஞ்சலோ விஷயத்தில் அணி அவசரப்படவில்லை. முதல் இரண்டு பருவங்களிலும் சேர்த்து மொத்தம் 17 ஆட்டங்கள்தான். இரண்டு முறையும் ஜூனியர் ஹாக்கிக்கே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது பருவத்தில்தான் நிரந்தர இடம். 2013ல் ஜே பௌமீஸ்டர் என்ற அனுபவசாலி வந்து அவருக்கு ஜோடியானார். 2016ல் பியட்ராஞ்சலோ கேப்டன்.

2012 டிராஃப்டில் 86வது ஆளாக எடுத்த கோல்டன் பராய்கோவையும் கல்லூரி ஹாக்கியில் வளரவிட்டுத்தான் அழைத்தார்கள். பிறகு அவருக்கும் பௌமீஸ்டரே ஜோடி.

2019 ஜனவரி தொடக்கத்தில் ப்ளூஸ் லீக்கின் கடைசி இடத்தில் கிடந்தது. இந்த வீரர்களை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது, எல்லோரையும் மாற்று என்ற குரல்கள் எழுந்தன. மாற்றவில்லை. 2019 ஜூன் 12ம் தேதி, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனை அதன் சொந்த ஊரிலேயே 4-1 என்று வென்று, 52 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு முதல் கோப்பையை எடுத்தது ப்ளூஸ். வெற்றி கோலை அடித்தவர் பியட்ராஞ்சலோ!

யார் சொன்னது சரி?

விவாதம் அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. 2020ல் ஒப்பந்தம் முடிந்ததும் பியட்ராஞ்சலோ லாஸ் வேகாஸ் அணிக்குப் போனார். 2023ல் அங்கும் கோப்பை வென்றார். அவரை விட்டிருக்கலாமா என்று ரசிகர்கள் மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

இந்த முப்பது ஆண்டு வரலாற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. முன்கள வீரரா, தடுப்பாட்டக்காரரா என்பது பாதிக் கேள்விதான். அந்த இளைஞர் பக்கத்தில் யாரை நிறுத்தப்போகிறோம், எத்தனை ஆண்டு காத்திருக்கப்போகிறோம் என்பது மீதிப் பாதி. பிராங்கருக்கு ஒரு மக்இன்னிஸும், பியட்ராஞ்சலோவுக்கு ஒரு பௌமீஸ்டரும் கிடைத்தார்கள். ஜான்சனுக்குத் தேவைப்பட்ட காலம் வேறு ஊரில் கிடைத்தது. பொறுமைக்குப் பலன் நிச்சயம் உண்டு என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் பொறுமை இல்லாத இடத்தில் ஒரு நல்ல தடுப்பாட்டக்காரர் உருவானதில்லை.

ரசிகரின் கூச்சலையும் வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. காத்திருக்கும் ஆண்டுகளின் செலவு அவருடையது. அணி நிர்வாகம் "எதிர்காலம்" என்று சொல்லும்போதெல்லாம் அந்த நிகழ்காலத்தைத் தோல்வியோடு கழிப்பவர் அவர்தான்.

2022 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் அரங்கில் 44ம் எண் சட்டைக்கு நிரந்தர ஓய்வு கொடுத்து, அதன் பதாகையைக் கூரைக்கு உயர்த்தினார்கள். இனி அந்த அணியில் யாரும் அந்த எண்ணை அணிய முடியாது. அது கிறிஸ் பிராங்கரின் எண். ஒரு காலத்தில் அவருக்கு எதிராகக் கூச்சல் போட்ட ஊர், அன்று எழுந்து நின்று கை தட்டியது.